அம்மா வெளியே போகும் நேரம்

பெரியப்பா உட்காருகிறார் என்றால் அம்மா வீட்டை விட்டு வெளியே போய்விடுவாள். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அதுவாகவே சட்டமாகிவிட்டது. நான் கட்டில் பக்கம் குனிந்து "உக்காரலாமா பெரிப்பா" என்று கேட்டால் போதும், தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். கொக்கி வைக்க வேண்டிய ரவிக்கைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் இருக்கும் திசைக்குத் திரும்பாமல், அம்மா வாசலைத் தாண்டிப் போவாள். நான் கழுவி, பினாயில் ஊற்றி, ஊதுவத்தி கொளுத்திய பிறகுதான் உள்ளே வருவாள்.

கழுவுவதற்கு ஏதாவது இருந்தால்தானே. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் இருக்காது. காய்ந்த சட்டியை எடுத்து, காய்ந்த சட்டியாகவே திரும்பச் செருகுவேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு, விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்பிப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். பெரியம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காமல் தனியாக இருந்தவர், போன மழைக்காலத்தில் கக்கூஸ் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, நேராகப் பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

வீடு என்றால் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கக்கூஸ் பின்பக்கம், படி ஏறிப் போக வேண்டும், குந்தி உட்காரும் வகை. இனி அவர் ஜென்மத்துக்கும் குந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஒரு கமோடு நாற்காலி வாங்கி ஹால் மூலையில் போட்டோம். அடியில் பிளாஸ்டிக் சட்டி செருகிக்கொள்ளலாம். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கயிற்றில் மாட்டித் திரையாக்கினோம். திரைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் தையல் மிஷின். ஹாலில் வேறு இடம் இல்லை.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசி நான் பார்த்ததே கிடையாது. அவர் அவளுக்கு மூத்தார், கணவனுடைய அண்ணன். எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் தம்பி மனைவி மூத்தார் எதிரே உட்கார மாட்டாள், பெயர் சொல்ல மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். இப்போது யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டால், "நான் பாக்கறேன்" என்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவரும் அப்படித்தான். இவ்வளவுக்கும் இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நிறைய மதிப்பு. ஒரே ஹாலில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு என் வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

"தண்ணி சூடா வேணுமா, ஆறினது வேணுமான்னு உங்க பெரிப்பாவ கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "ஆறினதே போதும்னு சொல்லு பாப்பா."

"ஃபேனுக்குக் கீழ இருந்துச்சு, சில்லுனு கீது, இருமல் வரும்னு சொல்லு."

"வந்தா வருதுன்னு சொல்லு."

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்பேன், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பாவுக்கு ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டும் வேலை, ராத்திரி ஷிஃப்ட். காலையில் வந்து கட்டையாக விழுந்துவிடுவார். எனக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை. ஆக, காலை நேரத்துப் பெரியப்பா என் பொறுப்பு. வருத்தப்பட்டு ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். ஆர்வமாகத்தான் ஏற்றுக்கொண்டேன். எதையும் கொஞ்சம் படித்து, நாலு வீடியோ பார்த்தால் சரி செய்துவிடலாம் என்று நம்புகிற ஆள் நான். பெரியப்பாவின் வயிறு எனக்கு ஒரு ப்ராஜெக்ட் மாதிரி இருந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசையும் என்று படித்தேன், அதனால் காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்கார வைத்தேன். கால் உயரமாக இருந்தால் சுலபம் என்று படித்தேன், அதனால் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துக் காலுக்கு அடியில் வைத்தேன். பப்பாளி, கொய்யா, ஊறவைத்த திராட்சை, கீரை, ராகிக் களி. இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து, அது கெட்டியாகிக் கூழாவதற்குள் குடிக்கச் சொல்லி விரட்டினேன்.

"இன்னா பாப்பா, மாட்டுக்குக் கழனித் தண்ணி கலக்கற மாதிரி கலக்கற."

"குடிங்க பெரிப்பா. நாளைக்கு நீங்களே எனக்கு தேங்க்ஸ் சொல்வீங்க."

"நாளைக்கு மாடு பால் கறந்தாலும் கறக்கும்" என்று குடித்தார்.

அந்த நாட்களில் இப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். சுரங்கத்துக் கதையெல்லாம் சொல்வார். கீழே இறங்கிவிட்டால் ஷிஃப்ட் முடியும் வரை அடக்க வேண்டும், அங்கே காற்று கிடையாது, ஒருவன் வெளிக்கு இருந்துவிட்டால் அந்தக் குழி முழுக்க நாறும், அப்படி இருந்தவன் மேலே வந்ததும் குழுவில் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். "நான் ஒரு தபா கூட வாங்கித் தந்ததில்ல" என்பார். "வயிறு சரியில்லன்னு தெரிஞ்சா முந்தின நாளே சாப்ட மாட்டேன். ரெண்டு நாள் கூட கெடப்பேன். பழகிட்டா ஒண்ணும் தெரியாது." எனக்கு அது வேடிக்கையான கதையாகத்தான் கேட்டது.

ஆனால் என் திட்டம் எதுவும் பலிக்கவில்லை. திரைக்குள் உட்காருவார். நான் சமையல்கட்டுக்குள் போய் நிற்பேன். நாற்காலியின் ரப்பர் கால் கிறீச்சிடும். பிறகு ஒன்றும் இருக்காது. ஜன்னல் வழியாகத் தெரு மட்டும் கேட்கும். எங்கள் தெரு ஒருவர் வீட்டுச் சுவரில் இன்னொருவர் முதுகைச் சாய்த்துக்கொள்ளும் தெரு. அம்மா எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டு அக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் அல்சூர்ப் பக்கம், பாதிப் பேச்சு கன்னடம்.

"ஏன்மா, ஆய்த்தா?" முடிந்ததா என்று கேட்கிறாள்.

"எங்கக்கா. இப்பதான் குந்தியிருக்காரு."

"நேத்தும் ஆகலயே. அய்யோ பாவம். வெந்நீருல நெய் விட்டுக் குடுத்து நோடு." குடுத்துப் பார் என்கிறாள்.

பால் வாங்கப் போகிறவள் நின்று கேட்பாள். ஸ்கூலுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறவள் கேட்பாள். "அக்கா வெளிய இருக்காங்களே, பெரியவரு உள்ள உக்காந்துட்டாரா?" எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் உண்மையான கவலை. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஜன்னலைச் சாத்தவும் முடியாது, சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து, "தூக்கி விடு பாப்பா, வர்ல" என்பார்.

பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கல்லாக இருக்கிறது என்றார். தண்ணீர் போதாது, உமியை உடனே நிறுத்து, தண்ணீர் இல்லாமல் உமி மட்டும் போனால் உள்ளேயே சிமெண்டாகிவிடும் என்றார். ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாயந்திரம் கொடுத்தேன். அன்று அப்பாவுக்கு லீவு. அண்ணன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் செய்த மாதிரி, பாலில் விளக்கெண்ணெய் ஊற்றி அவரும் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நானும் சிரப்பைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

விடியும்போது நாற்றத்தில்தான் எழுந்தேன். கட்டில், போர்வை, வேட்டி, தரை. பெரியப்பா அசையாமல் மல்லாந்து கிடந்தார். எவ்வளவு நேரமாகக் கிடந்தாரோ. கூப்பிடவில்லை. முகத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார், இறந்தவர்களுக்குப் போடுகிற மாதிரி.

அப்பா தூக்கிப் பிடித்துக்கொண்டார், நான் துடைத்தேன். நாங்கள் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "ஒண்ணுமில்லணா, ஒண்ணுமில்லணா" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா சமையல்கட்டில் வெந்நீர் போட்டுப் போட்டு வாளியை நிலைப்படி வரைக்கும் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தடவை வாளி வழுக்கி அவள் திரும்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. சட்டென்று உள்ளே போய்விட்டாள். பெரியப்பா துண்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவங்க பாத்துட்டாங்களா?"

"இல்ல பெரிப்பா" என்றேன்.

அன்றோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

முதலில் தெரியவில்லை. வயிறு கலங்கியிருக்கிறது, அதனால் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தோம். பிறகு வாய் கசக்கிறது என்றார். பிறகு தூக்கம் வருகிறது என்றார். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் போன் பேசப் போனதும் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துத் தொண்டையை அசைத்துக் காட்டுவார், டம்ளர் குறையாது. இதையெல்லாம் கண்டுபிடித்த பிறகு நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். அடம்பிடிக்கிற முகம் இல்லை அது, மன்னிப்புக் கேட்கிற முகம்.

"ஒரே ஒரு வாய் பெரிப்பா."

"வேணாம் பாப்பா."

"ஏன் வேணாம்? காரணம் சொல்லுங்க."

"பசி இல்ல."

"பொய் சொல்றீங்க. வயிறு கத்தறது எனக்குக் கேக்குது."

"கத்தி கத்தி அதுவா நிறுத்திக்கும்."

ஆபீஸ் காலில் மைக்கை அணைத்துவிட்டுக் கெஞ்சுவேன். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் என் பெயரைச் சொல்லி ஸ்டேட்டஸ் கேட்பார், மைக்கைப் போட்டு ஏதோ உளறிவிட்டு மறுபடி அணைப்பேன். கோபம் வரும், திட்டுவேன், திட்டிய பிறகு பின்பக்கக் கக்கூஸ் படியில் போய் உட்கார்ந்து அழுவேன். போனில் தேடித் தேடிப் பார்த்தேன். முதியவர் சாப்பிட மறுத்தால் என்று தட்டினால் வருவதெல்லாம் பயமுறுத்துகிற மாதிரியே வந்தது. எல்லாவற்றையும் படித்தேன், எதிலும் அவர் இல்லை. அவருடைய கன்னத்தில் இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டது. எழுப்பி உட்கார வைத்தால் தலை தொங்கியது. ஆனாலும் காலையில் நாற்காலியில் உட்கார வைப்பதை நான் நிறுத்தவில்லை, டாக்டர் பழக்கத்தை விடாதே என்று சொல்லியிருந்தார். அம்மாவும் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போவதை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கும் ஒண்ணும் உள்ள போகலைன்னா நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள அட்மிட் பண்ணிடுங்க. இந்த வயசுல இப்படிக் கெடந்தா தாங்காது. ட்ரிப் போடணும். அடியில கட்டியா நிக்கறது வேற, அதக் கையாலதான் எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில் எதுவும் யாருக்கும் கேட்காமல் போகாது.

அவர் போனதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வேணாம் பாப்பா."

"அப்ப சாப்டுங்க."

"கைய விட்டு எடுப்பாங்களாமே. அதுக்கு நான் போய்ச் சேர்ந்துடறேன். உங்கப்பன்கிட்ட சொல்லு."

அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணியை ஒரு பையில் எடுத்து வைத்தார். எடுத்து வைத்துவிட்டு அந்தப் பையின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்கண்ணன் சுரங்கத்துல பாறை விழுந்தப்பகூட நடந்து மேல வந்தவரு" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் காலையில் மழை. பெங்களூரில் எப்போதும் சாயந்திரம்தான் பிடிக்கும், அன்று விடிந்ததிலிருந்தே கொட்டியது. அப்பா ராத்திரி வேலைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை, மதியம் வண்டியோடு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கடைசி முயற்சியாகப் பெரியப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். தூக்கும்போது எடையே இல்லை. அம்மா கூடையை எடுத்தாள், ரவிக்கை நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டாள், வெளியே போனாள். எதிர்வீட்டுப் படி நனைந்துவிட்டதால் அவர்கள் வீட்டுக் கூரை விளிம்புக்கு அடியில் சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த விளிம்பு ஒரு ஆளுக்குக்கூடப் போதாது.

"இன்னாமா மழையில நிக்கற? பெரியவருக்கு ஆய்த்தா?" என்று அக்கா கதவைத் திறந்து, மழைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று உரக்கக் கேட்டாள். பக்கத்து வீட்டிலிருந்தும் யாரோ, "இன்னும் இல்லையா?" என்று கேட்டார்கள்.

திரைக்குள்ளிருந்து, "பாப்பா" என்றார்.

"சொல்லுங்க பெரிப்பா."

"அவங்கள உள்ள வர சொல்லு. மழ."

"நீங்க முடிங்க, வருவாங்க."

"எனக்கு ஒண்ணும் வராது. எப்பிடி வரும்? அவங்க வெளிய போய் நின்னா தெருவுக்கே தெரியுது, நான் இன்னா பண்ணிக்கினு கீறேன்னு. தெனம் அவங்க வேலய போட்டுட்டு, எனக்கோசரம் அடுத்தவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறாங்க. வெயில்ல நின்னாங்க. இப்ப மழைல. என் தம்பி பொண்டாட்டி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சாப்ட்டாதானே இதெல்லாம். சாப்டலன்னா ஒருத்தரும் எங்கயும் போவ வேணாம்."

நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் அவர் குடலைப் பற்றியே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுரங்கத்தில் செய்ததைத்தான் அவர் இங்கேயும் செய்துகொண்டிருந்தார். இங்கே ஷிஃப்ட் முடிவதே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குடைகூட எடுக்காமல் வெளியே ஓடினேன்.

"உள்ள வாம்மா."

"முடிஞ்சிடுச்சாடி?"

"முடியல. நீ இங்க நிக்கிறதனாலதான் முடியல. அதனாலதான் சாப்டவும் மாட்டேங்கறாரு. நீ வெளிய வந்து நிக்கக் கூடாதுன்னு பட்டினி கெடக்கறாரு."

அம்மாவுக்குப் புரியவில்லை. "நான் இன்னாடி பண்ணேன். மரியாதிக்குத்தானே வந்து நிக்கறேன். அவரு கூச்சப்படக் கூடாதுன்னுதானே."

"அந்த மரியாதி தெருவுக்கே மணி அடிக்குதும்மா. தெனம் எத்தன பேரு கேக்கறாங்க. அவருக்கு எல்லாம் கேக்குது."

அக்கா கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா கூடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு ஜன்னலையே பார்த்தாள். அவள் முகத்தில் மழைத் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன், ஆஸ்பத்திரி, ட்ரிப், மதியம் அப்பா வந்துவிடுவார் என்று. அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. திடீரென்று தெருவைக் கடந்து விடுவிடுவென்று உள்ளே போனாள்.

நான் பின்னால் போனபோது அவள் ஹால் நடுவில் நின்றிருந்தாள். சேலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் தையல் மிஷினைப் பிடித்திருந்தாள், பிடிமானத்துக்கு.

"மாமா" என்றாள்.

கூடையைத் தரையில் வைத்தாள்.

"நான்தான் பேசறேன் மாமா."

திரைக்குள் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது.

"வெளிய நின்னு நின்னு எனக்குக் காலு மரத்துப் போச்சு. இனிமே நான் எங்கயும் போவ மாட்டேன். தைக்க வேண்டியது தலைக்கு மேல கெடக்குது. நான் பாட்டுக்கு மிஷின்ல குந்திக்கினு இருப்பேன், நீங்க பாட்டுக்கு குந்திக்கினு இருங்க. எனக்குக் காதும் கேக்காது, மூக்கும் கெடயாது." நிறுத்தாமல் பேசினாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்த மாதிரி. "சாப்டாம மட்டும் கெடக்காதீங்க. மூத்தாரு வந்து அவ வீட்ல பட்டினி கெடந்து செத்தாருன்னு அந்தப் பேரு எனக்கு வேணாம். அன்னிக்கிக் காலைல நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். பாத்துட்டா இன்னா. எங்கப்பாவுக்கும் கடைசில நான்தான் இதெல்லாம் பாத்தேன்."

நான் திரைப் பக்கம் ஒரு அடி வைத்தேன். அப்போது அவர் குரல் வந்தது.

"பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு..."

"நான் ஆபீஸ் கால்ல இருக்கேன் பெரிப்பா" என்றேன். காதில் ஹெட்செட்கூட இல்லை.

அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"நனஞ்சிட்டீங்களாமா?" என்றார். "தலய தொவட்டிக்கோங்க."

அம்மா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் தலையைத் துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து சமையல்கட்டுக்குப் போய், கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து, திரை விளிம்பு வழியாக டம்ளரை நீட்டினாள். என்னிடம் கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. பாதி கஞ்சி பெயின்ட் வாளியின் மேல் சிந்தியது. மீதியைக் குடித்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை, குடிக்கிற சத்தத்தைக் கேட்டேன்.

மதியம் அப்பா வண்டியோடு வந்தார். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் குடிப்பதையும், அம்மா எதிரே மிஷினில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். தண்ணீர் உள்ளே போனால் ஒரு நாள் பார்க்கலாம், ஆனால் ஒரே ஒரு நாள், உள்ளே நிற்பது வெளியே வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்பா பையைப் பிரிக்கவில்லை. வண்டிச் சாவியையும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தார்.

அடுத்த நாள் காலை அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மா மிஷினை ஓட்டினாள். வாயையும் மூடவில்லை. எந்த வாடிக்கைக்காரி கை அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு வந்து சண்டை போட்டாள், எவள் துணி கொடுத்து ஒரு வருஷமாகியும் வாங்க வரவில்லை என்று நேராகத் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் "ம்" போட்டார். பிறகு "ம்" நின்றது. முனகல் ஆரம்பித்தது.

நான் உள்ளே போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய நெற்றி என் வயிற்றில் அழுந்தியது. இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து நெறித்தார். வயிற்றில் கை வைத்து டாக்டரம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி வட்டமாகத் தேய்த்தேன், இதுவரை வயிற்றைத் தொடவே விடாதவர் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு வலி. உடம்பு முழுக்க வேர்த்துக் கொட்டியது. உதடு வெளுத்தது. இதயம் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தேன், அப்பாவை எழுப்பலாமா என்று நினைத்தேன், நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"முடியலமா" என்றார். என்னிடம் இல்லை, திரையைப் பார்த்து. "விட்டுடச் சொல்லு... விட்டுடுங்கமா, முடியல."

மிஷின் நிற்கவில்லை. "விட முடியாது மாமா" என்றாள் அம்மா. "பாதி வழியில எப்பிடி விடறது. மூச்சு விட்டுக்கோங்க. கொஞ்சம் நில்லுங்க. மறுபடி பாருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மூச்சு விட்டார். நின்றார். மறுபடி பார்த்தார். கத்தினார். தெருவில் கேட்டிருக்கும். யாரும் எதுவும் கேட்கவில்லை, எதிர்வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்தார்கள்.

சட்டியில் கல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. லேசாக ரத்தம் இருந்தது. பிறகு இளகியது. அவர் என் மேல் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். கழுவிவிட்டேன், துடைத்தேன், பவுடர் போட்டேன், வேட்டியைச் சுற்றிவிட்டேன். அவ்வளவு நேரமும் அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

"இன்னா கீது சாப்ட?" என்றார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கேட்கவில்லை.

"இட்லி மாவு கீது மாமா. சூடா ஊத்தித் தரவா?"

"ரெண்டு ஊத்துமா. மெதுவா சாப்டறேன்."

நான் சட்டியை மூடித் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்னால் அம்மா சமையல்கட்டுக்குப் போகும் சத்தம், பாத்திரம் எடுக்கும் சத்தம்.

"சட்னியில மொளகா போட வேணாம்தானே?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"அவங்க வேணாம்னுதான் சொல்வாங்க, டாக்டருங்க" என்றார் பெரியப்பா. "நீங்க ஒண்ணு போடுங்க."